மகாராணிக்கு ஒரு ஏசி கார்

பூப்பாறையிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, காரின் முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துவிட்டது. வெளியே மேகம் ரோட்டிலேயே இறங்கிக் கிடந்தது. லிங்கேஸ்வரன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடம் மறுபடியும் வெளுத்தது.

“ரோட்டப் பாத்து ஓட்டு அப்பு. இன்னைக்குன்னு போயி எங்கயாவது விட்டுறாத” என்றாள் பின்சீட்டில் இருந்த அவருடைய அக்கா மகாராணி. இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள். குளிரில் பல் கிட்டித்தது.

லிங்கேஸ்வரன் சிரித்துக்கொண்டே நடுவிலிருந்த பெரிய திரையில் இரண்டு இடத்தைத் தொட்டார். காற்று புஸ்ஸென்று வந்தது. முதலில் கண்ணாடி தெளிந்தது. பிறகு கால்மாட்டில் கதகதப்பாக வந்தது.

“ஏசியும் ஹீட்டரும் ஒண்ணா ஓடுதுக்கா. ஏசி உள்ள இருக்குற ஈரத்த எடுத்துரும். ஹீட்டரு காத்தச் சூடாக்கி அனுப்பும். ரெண்டும் சேந்தாத்தான் கண்ணாடி தெளியும்.”

“உங்க மாமா ஜீப்புல எஞ்சின் சூடு சும்மாவே கால்ல வந்து அடிக்கும். இதுல எஞ்சினே இல்லங்கிற. அப்ப சூடு எங்கிட்டிருந்து வருது?”

“எல்லாம் பேட்டரியிலிருந்துதான். இஸ்திரிப் பொட்டியில கம்பி சூடாகுதுல்ல? அது மாதிரி உள்ள ஒண்ணு இருக்கு. அதுல பட்டு வர்ற காத்துதான் இது.”

“அப்ப கரண்ட்டு செலவாகுமே?”

“ஆகட்டுமே. ஒனக்கு இல்லாததா? இந்தா, இன்னும் கூட்டி வைக்கிறேன்.”

சொன்னபடி கூட்டியும் வைத்தார். லிங்கேஸ்வரன் அன்பில்லாத மனிதர் இல்லை. இந்தக் கதையில் அன்பில்லாதவர் என்று யாரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. அதுதான் இதிலுள்ள கஷ்டமே.

அன்றைக்கு அவருடைய ஒரே மகள் சுஜிதாவுக்குக் கல்யாணம். போடியில் மண்டபம், மாப்பிள்ளை தேவாரத்துக்காரர், உச்சிப்பொழுதை ஒட்டி முகூர்த்தம். பெண்ணைப் பெற்ற தகப்பன் கல்யாணத்தன்று வெள்ளென எழுந்து மலையேறிப் போவது எந்த ஊரிலும் கிடையாது. அக்காவை முதல்நாளே கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முதல்நாளே வந்தால் கல்யாண வீட்டுக்குள் நடமாடுவாள். நலுங்கு வைக்கும்போது எதிரே வந்து நிற்பாள். அதனால்தான் அன்று காலையில் போய்க் கூட்டி வரும் ஏற்பாடு.

மகாராணியின் கணவர் சுருளிவேல் போன தை மாதம் தவறிப்போனார். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டியவர். ஒருநாள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் கிடையாது. பிள்ளை என்று அந்த வீட்டில் வளர்ந்தது சுஜிதாதான். லிங்கேஸ்வரனும் அவர் மனைவி ஜக்கம்மாளும் தோட்டத்தோடு தோட்டமாக மலையில் கிடந்த காலத்தில், ஒன்றாம் வகுப்பிலிருந்து காலேஜ் முடிக்கும்வரை சுஜிதா அத்தை வீட்டில்தான் இருந்தாள். அத்தைதான் சடை பின்னினாள், பரீட்சைக்கு எழுப்பிவிட்டாள், காய்ச்சல் வந்தால் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சுருளிவேல் போன பிறகு தம்பி அவளை மலையிலுள்ள தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். மனசுக்கு மாறுதலாக இருக்கும் என்றார். மாறுதலாகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒரு காதுகுத்துக்குக்கூட அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவள் வந்திருக்க மாட்டாள்.

“அத்தை வராட்டி நான் மணவறையில ஏற மாட்டேன்” என்று சுஜிதா சொன்னபோது வீடு இரண்டுபட்டது.

“ஏன்டி, தாலி அறுத்து இன்னும் வருசம் திரும்பல. தேவாரத்துக்காரங்க மண்டபத்துக்குள்ள நொழைஞ்சதும் மதினி மூஞ்சியிலயா முழிக்கணும்? நாளைக்கு ஒனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட அதச் சொல்லித்தான பேசுவாக?” என்று ஜக்கம்மாள் அழுதாள். நாத்தனாரை வேண்டாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. துக்கத்துக்குப் பிறகு மூன்று மாதம் கூடவே இருந்து ஊட்டாத குறையாகச் சோறு போட்டவள் அவள்தான். ஆனால் மகள் வாழ்க்கை என்று வரும்போது அவளுக்கு ஊர் வாயைக் கண்டு பயம்.

லிங்கேஸ்வரனுக்குத்தான் அந்த யோசனை வந்தது. புதுக் கார் இருக்கிறது. மண்டபத்து வாசலில் நிறுத்தி ஏசியைப் போட்டு அக்காவை உள்ளே உட்கார வைத்துவிடலாம். மணவறையில் ஒரு போனை வைத்துவிட்டால் தாலி கட்டுவதை அவள் அங்கிருந்தே பார்க்கலாம். யார் கண்ணிலும் பட மாட்டாள், வெயிலும் படாது. சொன்னதும் வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. சுஜிதாவும் வேறு வழியில்லாமல் தலையாட்டினாள். மகாராணியிடம் போனில் சொன்னபோது, “எனக்கென்னப்பா, அவ கழுத்துல தாலி ஏறுறதக் கண்ணால பாத்தாப் போதும்” என்றாள். எல்லாருக்கும் நல்லவராக இருக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இப்படி ஒரு கார் வாய்த்தால் பெரிய வசதிதான்.

காரை விற்ற கடையில் விற்பனைப் பையன் பொறுமையாகத்தான் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். குளிரில் போகிறதாக இருந்தால் சார்ஜில் போட்டிருக்கும்போதே உள்ளே சூடாக்கிக்கொள்ளுங்கள், பேட்டரி மிச்சமாகும். வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்துக்கொடுக்கும் கருவி உள்ள வண்டியும் இருக்கிறது, கரண்ட் குறைவாக எடுக்கும், ஆனால் நீங்கள் வாங்குவதில் அது இல்லை. ஓட்டுகிறவர் இறங்கிப் போனால் ஏசி கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். நிற்காமல் ஓட வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒன்று அமுக்க வேண்டும். அதுகூட சார்ஜ் கால்வாசிக்குக் கீழே போனால் நின்றுவிடும், வீடு போய்ச் சேரக் கரண்ட் வேண்டுமல்லவா? லிங்கேஸ்வரன் “சரி தம்பி, சரி தம்பி” என்று கேட்டுக்கொண்டார். தனியாக ஒன்று அமுக்க வேண்டும் என்பது மட்டும் மனதில் நின்றது. கடைசிச் சங்கதி காதில் விழுந்த நேரம் அவர் காருக்குப் பின்னால் நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதல்நாள் காரைச் சார்ஜில் போடவும் முடியவில்லை. அந்தப் பெரிய பிளக்கைச் சீரியல் செட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். வீடு முழுக்கப் பச்சையும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. பாதிச் சார்ஜில் மலையேறிய கார், ஏற்றத்தில் ஒரு பங்கையும் ஹீட்டரில் ஒரு பங்கையும் தின்றது. மலை உச்சியிலுள்ள மெட்டிலிருந்து அடிவாரத்து முந்தலுக்கு இறங்கும்போது, பிரேக் பிடிக்கிற இடத்திலெல்லாம் கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பியது. முந்தலைத் தாண்டியதும் காற்று அனலாக மாறியது. ஹீட்டர் ஓடிய அதே துவாரங்களில் இப்போது குளிர்காற்று வந்தது. திரையில் சார்ஜ் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ‘மண்டபத்துக்குப் போகத்தானே, போதும்’ என்று லிங்கேஸ்வரன் நினைத்துக்கொண்டார்.

மண்டபத்து வாசலில் வேப்பமர நிழலாகப் பார்த்து நிறுத்தினார். விற்பனைப் பையன் சொன்ன அந்தத் தனிப் பொத்தானை மறக்காமல் அமுக்கினார். ‘உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று திரையில் பெரிதாக எழுத்து வந்தது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியாக்கா? மண்டபத்துக்குள்ளகூட இவ்வளவு குளுகுளுன்னு இருக்காது. ராணி மாதிரி உக்காந்து பாரு. நான் வர்றேன்.”

“நீ போ அப்பு, ஒன் சோலியப் பாரு. வெரசாப் போ.”

ஜக்கம்மாள் ஒரு தட்டில் இட்லியும் கேசரியும், ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டுச்சேலையும் நகையுமாக நின்றவள், நாத்தனார் முகத்தை நேராகப் பார்க்காமல் கார்க் கதவைப் பார்த்துப் பேசினாள்.

“மதினி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. தாலி ஏறுற வரைக்கும் மட்டும் வண்டிய விட்டு எறங்கிறாதீங்க. அப்பறம் நானே வந்து ஒங்களக் கூட்டிட்டுப் போறேன்.”

“எனக்குத் தெரியாதா ஆத்தா? நீ போ. வர்றவகள வாங்கன்னு கேளு.”

இட்லியில் ஒன்றைப் பிய்த்துத் தின்றாள். தண்ணீரைத் தொடவில்லை. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும், ஒன்றுக்கு வந்தால் இறங்க வேண்டும்.

உள்ளே, ஜக்கம்மாளின் தம்பி பாண்டியராஜ், லிங்கேஸ்வரனின் போனை ஒரு தாங்கியில் மாட்டி மணவறையைப் பார்க்க நிறுத்தினார். மகாராணியின் மடியிலிருந்த போனில் மணவறை தெரிந்தது. அரக்குப் பட்டில் சுஜிதா நடந்து வந்தபோது அவளையறியாமல் “ஏந்தங்கம்” என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. அந்தச் சத்தம் மணவறையில் இருந்த போனில் கேட்டது. ஓமப்புகை போட்டுக்கொண்டிருந்த ஐயர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“தம்பி, அந்தச் சத்தத்த அமத்து. நல்ல நேரத்துல அழுகுற சத்தம் வேணாம்” என்று ஜக்கம்மாள் கிசுகிசுத்தாள். பாண்டியராஜ் சத்தத்தை அடைத்தார். இனி மகாராணிக்கு மணவறை தெரியும், கேட்கும். அவள் பேசுவது யாருக்கும் கேட்காது. போனின் முகம் சுவரைப் பார்த்து இருந்ததால், அவள் முகமும் யாருக்கும் தெரியாது.

சூரியன் மேலே ஏற ஏற வேப்பமரத்து நிழல் காரை விட்டு நகர்ந்தது. உள்ளே வெயில் விழுந்ததும் ஏசி அதிகக் கரண்டை இழுத்தது. எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது, சார்ஜ் அந்தக் கால்வாசி அளவைத் தொட்டதும் கார் தனக்குச் சொல்லிவைத்தபடி ஏசியை நிறுத்தியது.

டீசல் வண்டியில் ஏசி போட்டு ஆளை உட்கார வைத்தால் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். நின்றால் தெருவுக்கே தெரியும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இந்த வண்டியில் ஓடினாலும் சத்தமில்லை, நின்றாலும் சத்தமில்லை. அந்தப் பக்கமாகப் போன நாலு பேர் கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கவும் செய்தார்கள். ஏசி காரில் ஒரு அம்மா போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

கார் பேசாமல் இருந்துவிடவில்லை. உள்ளே சூடு ஏறுகிறது, ஆள் இருக்கிறார்கள் என்று லிங்கேஸ்வரனின் போனுக்குச் செய்தி அனுப்பியது. மணவறையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த போனின் தலையில் அது ஒரு பட்டையாக வந்து விழுந்தது. பாண்டியராஜ் பார்த்தார். ஏதோ கம்பெனி விளம்பரம் என்று விரலால் தள்ளிவிட்டார். இன்னொன்று வந்தது, மூன்றாவதும் வந்தது. அதையும் தள்ளிவிட்டார். தாலித்தட்டு கூட்டத்தில் சுற்றி வந்துகொண்டிருந்த நேரம். தாய்மாமனுக்கு ஆயிரம் சோலி.

குளிர்காற்று நின்றதை மகாராணி உடனே கவனிக்கவில்லை. கழுத்து வியர்த்தபோதுதான் துவாரத்துக்கு நேரே கையை வைத்துப் பார்த்தாள். காற்றில்லை. தம்பிதான் ஏதோ காரணத்துக்காக நிறுத்தியிருப்பான் என்று நினைத்தாள். கண்ணாடியை இறக்கும் பொத்தானை அமுக்கினாள். கார் தூங்கிப்போயிருந்ததால் கண்ணாடி இறங்கவில்லை. முன்சீட்டுப் பக்கம் எட்டித் திரையைத் தொடப் போனவள், புதுவண்டியில் எதையாவது அமுக்கிக் கெடுத்துவிடுவோமோ என்று கையை இழுத்துக்கொண்டாள்.

கதவுப் பிடியில் கை வைத்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் திறந்துவிடும். இழுக்கப் போனபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டுகளோடு வரிசையாக வந்தார்கள். பழம், பூ, மஞ்சள், பட்டு. கார் கதவுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நடந்தார்கள். இப்போது கதவைத் திறந்தால் முதல் தட்டுக்கு நேராகத் தன் வெறும் நெற்றிதான் போய் நிற்கும். மகாராணி கையை எடுத்துக்கொண்டு, சீட்டில் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்தாள். தட்டுகள் போய் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

தட்டுகள் போன பிறகு வாசல் காலியானது. அப்போதாவது இறங்கியிருக்கலாம். ஆனால் போனில் மாங்கல்யம் சுற்றி வந்து ஐயர் கைக்குப் போயிருந்தது. இவ்வளவு நேரம் இருந்தாயிற்று, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தாள். ஹாரனை அமுக்கலாம் என்றும் ஒருமுறை தோன்றியது. முகூர்த்த நேரத்தில் வாசலில் ஒரு அறுதலி ஹாரன் அடித்தாள் என்று காலத்துக்கும் பேசுவார்களே என்று அதையும் விட்டாள். போனை வைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் மணவறையில் மணி அடிக்கும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகும் இவ்வளவையும் அவள் ஒவ்வொன்றாக யோசித்தாள். நாற்பத்தொன்பது வருசமாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த மனசு, உயிர் போகிற நேரத்திலும் பாடத்தை மறக்கவில்லை.

வியர்வை நின்றுபோனது. தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகத் தெம்பில்லை. “லிங்கம்” என்று கூப்பிட்டாள். போன் அவள் குரலைக் கொண்டுபோய் மணவறையில் சேர்த்தது. அடைத்து வைத்த போனில் அது யாருக்குக் கேட்கும்? கெட்டிமேளம் கொட்டியது. அரிசி பறந்தது. மாப்பிள்ளை அழகுராஜா தாலியைக் கட்டியபோது, அத்தையின் போன் மடியிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது.

மூன்றாம் முடிச்சு விழுந்ததும் சுஜிதா முதலில் பார்த்தது மாப்பிள்ளையை இல்லை.

“மாமா, போனத் திருப்புங்க. அத்தை மொகத்தப் பாக்கணும்.”

பாண்டியராஜ் போனைத் திருப்பினார். அதில் அத்தை முகம் இல்லை. காரின் மேல்கூரை மட்டும் அசையாமல் தெரிந்தது.

“அசந்து தூங்கியிருப்பாம்மா. காலையில வெள்ளென எந்திரிச்சவ” என்றார் லிங்கேஸ்வரன்.

“எங்கழுத்துல தாலி ஏறும்போது அத்தை தூங்குமாப்பா?”

சுஜிதா எழுந்துவிட்டாள். மணவறையை விட்டு இறங்கக் கூடாது என்று நாலு குரல் கேட்டது. அவள் சேலையும் மாப்பிள்ளையின் துண்டும் முடிச்சுப் போட்டிருந்ததால் அழகுராஜாவும் கூடவே ஓட வேண்டியதாயிற்று. லிங்கேஸ்வரனுக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது. மகாராணி சீட்டில் சரிந்து கிடந்தாள். தொட்ட கையை லிங்கேஸ்வரன் எடுத்துக்கொண்டார், உடம்பு அப்படிக் கொதித்தது. “அக்கா, அக்கா” என்று அவர் கத்தியதில் மேளக்காரர்கள் வாசித்ததை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். சுஜிதா தண்ணீரை அத்தையின் தலையில் கொட்டினாள். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் போட்டார்கள். வந்து சேர நேரமாகும் என்றார்கள்.

பக்கத்தில் மாப்பிள்ளை வந்த கார் பூ அலங்காரத்தோடு நின்றது. பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம் போக வேண்டிய கார். அதில் எப்படி ஏற்றுவது என்று ஒரு பெரியவர் இழுத்தார். அழகுராஜா அவர் பக்கம் திரும்பவேயில்லை. “தூக்குங்க மாமா” என்றான். மகாராணியின் தலையைச் சுஜிதா மடியில் வைத்துக்கொள்ள, அந்தக் கார் மல்லிகைச் சரம் ஆட ஆட அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

டாக்டர் ஒரு இளவயதுப் பெண். ஈரத்துணி சுற்றச் சொன்னார், கக்கத்தில் ஐஸ் வைக்கச் சொன்னார், இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏறியது. அந்த அவசரம் ஓய்ந்த பிறகு பட்டுவேட்டியோடு நின்ற லிங்கேஸ்வரனைக் கூப்பிட்டார்.

“காருக்குள்ள மாட்டிக்கிட்டாங்களா? கதவு லாக் ஆயிருச்சா?”

“இல்லம்மா. உள்ளயிருந்து பிடிய இழுத்தாத் தெறந்துரும்.”

“ஓ, அவங்களுக்குத் தெறக்கத் தெரியாதா?”

“தெரியும்மா. காலையில வழியில டீக்கு எறங்கும்போது அக்காவேதான் தெறந்துச்சு.”

“பின்ன ஏன் எறங்கல? வெளிய யாருமே இல்லையா?”

“வெளிய ஊரே இருந்துச்சும்மா. எறங்கக் கூடாதுன்னு நாங்கதான் சொல்லியிருந்தோம்.”

“ஏன்?”

லிங்கேஸ்வரன் வாயைத் திறந்தார். எத்தனையோ வீட்டு விசேசங்களில் அவரே கூசாமல் சொன்ன காரணம்தான். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பைப் போட்டுக்கொண்டு பதிலுக்காக நின்ற அந்தப் பெண்ணிடம் அது நாக்கில் வரவில்லை. டாக்டர் கொஞ்சம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். சிறுநீரகம் என்ன பாடுபட்டிருக்கிறது என்று நாளைக்குத்தான் தெரியும், இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று நர்ஸ் சொன்னார்.

வராந்தாவில் இரண்டு குடும்பமும் பட்டும் நகையுமாக நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வீரணன் லிங்கேஸ்வரனின் தோளைத் தொட்டார்.

“சம்பந்தி, நாங்க இதப்பத்தி ஒரு வார்த்த சொன்னோமா? ஒங்க அக்காவ உள்ள கூட்டிட்டு வராதீகன்னு நாங்க கேட்டோமா?”

கேட்கவில்லைதான். அதே சமயம், பெண்ணை வளர்த்த அத்தையை எங்கே காணோம் என்றும் அவர்கள் கேட்கவில்லை. பெண் பார்க்க வந்தபோதும் கேட்கவில்லை, பூ வைக்க வந்தபோதும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தாலே காரியம் தானாக நடந்துவிடும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று பயந்துகொண்டு, கடைசியில் யாருமே சொல்லாத ஒரு கட்டளைக்கு ஒரு மனுசியைக் காவு கொடுக்கப் பார்த்தார்கள்.

பாண்டியராஜ் போனைக் கொண்டுவந்து நீட்டினார்.

“மாமா, வண்டியிலிருந்து மெசேஜு வந்துருக்கு. ஒண்ணுக்கு மூணு தடவ. நான் வெளம்பரம்னு நெனச்சுத் தள்ளிவிட்டேன்.”

லிங்கேஸ்வரன் அதை வாங்கிப் பார்த்தார். உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. கூடப்பிறந்தவர்களுக்குத் தெரியாமல் போனது அந்த இரும்புக்குத் தெரிந்திருந்தது. காலையில் ஹீட்டரைக் கூட்டி வைத்தேனே, அந்தக் கரண்ட் இருந்திருந்தால் என்று ஒரு கணக்கு மனதில் ஓடியது. சீரியல் செட்டைக் கழற்றிவிட்டுச் சார்ஜ் போட்டிருந்தால் என்று இன்னொன்று. எப்படிப் போட்டுப் பார்த்தாலும், அக்காவை ஏன் காரில் உட்கார வைத்தாய் என்ற இடத்தில்தான் வந்து நின்றது. வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருப்பது ஒன்றுதான் மிச்சம்.

ஜக்கம்மாள் சுவரோரமாக நின்று அவரையே பார்த்தாள். முகமெல்லாம் வெளுத்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் புருசன். சுருளிவேல் அண்ணனும் இப்படித்தானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்? இவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நாளைக்கு நான் எங்கே உட்காருவேன்? பேரனுக்கு மொட்டை போடும்போது, பேத்திக்குச் சடங்கு சுற்றும்போது, இதே காரில்தானே? நாத்தனாருக்காகப் போட்ட வேலி என்று நினைத்திருந்தாள். அது தன் காலடி வரைக்கும் நீண்டு வந்திருப்பது இப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் மகாராணி கண் திறந்தாள். நாக்கு வறண்டு பேச்சு குழறியது. லிங்கேஸ்வரன் குனிந்து காதைக் கொடுத்தார்.

“தாலி ஏறிருச்சா?”

“ஏறிருச்சுக்கா.”

“என்னால தடங்கல் ஒண்ணும் வரலையே?”

லிங்கேஸ்வரன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெரிய குரலில் அழுதார். அவர் கேட்க நினைத்த மன்னிப்பு எதுவும் அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், முகத்தைத் திருப்பியிருந்தாலும் தாங்கியிருப்பார்.

சுஜிதா கழுத்து மாலையைக் கழற்றவேயில்லை. அழகுராஜாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தாள்.

“அத்தே, நீங்க வச்சு விடுங்க. நீங்க வச்சு விட்டாத்தான் எனக்குக் கல்யாணம் முடிஞ்ச மாதிரி.”

மகாராணி சிமிழைப் பார்த்தாள். குளுக்கோஸ் குழாயைக் கழற்றியிருந்த கையை மெதுவாக இழுத்துப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“வேணாந்தாயி. நான் தொடக் கூடாது. ஒங்கம்மாவ வைக்கச் சொல்லு. ஜக்கம்மா, நீ வச்சு விடு ஆத்தா. இல்லாட்டி யாராவது சுமங்கலியப் பாத்துக் கூப்புடு.”

சுஜிதா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அழகுராஜாவும் கட்டிலருகே குனிந்தான். “எங்களுக்கு ஒண்ணுமில்லத்தே, நீங்க வைங்க” என்று அவனும் சொல்லிப் பார்த்தான். போர்வைக்குள் போன கை வெளியே வரவில்லை. இத்தனை பேர் சேர்ந்து இத்தனை வருசம் சொல்லிக்கொடுத்ததை, இரண்டு பிள்ளைகள் கெஞ்சி ஒரு சாயங்காலத்தில் எடுத்துவிட முடியுமா?

ஜக்கம்மாள் கட்டிலுக்கு அந்தப் பக்கமாக வந்தாள். மகள் கையிலிருந்த சிமிழை வாங்கினாள். எல்லாரும் அவள்தான் வைக்கப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் சிமிழை மகாராணியின் நெஞ்சின் மேல் வைத்துவிட்டு, போர்வைக்கு மேலாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் முகத்தைப் பார்க்காமல் பேசியவள் இப்போது நேராகப் பார்த்தாள்.

“நான் வைக்க மாட்டேன் மதினி. எனக்கு அந்த யோக்கியத இல்ல. புருசன் செத்தது நீங்க செஞ்ச குத்தமா? அதுக்காக ஒங்கள ஒதுக்கி வச்சோம். ஏசி போட்டுக் குடுத்தோம், இட்லி கொண்டாந்து குடுத்தோம், அதனால ஒதுக்கி வச்சது இல்லன்னு ஆயிருமா? என்ன சவுரியம் பண்ணிக் குடுத்தாலும் ஒதுக்கி வச்சது ஒதுக்கி வச்சதுதான். தாலி அறுத்தவ எதுக்க வந்தா அபசகுனம்னு எங்காத்தா எனக்குச் சொன்னா, நானும் எம்மகளுக்கு அதத்தான் சொன்னேன். அதெல்லாம் பொய்யி மதினி. வாசல்ல ஒரு உசுரு வேகையில உள்ள கெட்டிமேளம் கொட்டினோம் பாருங்க, அதுதான் அபசகுனம்.”